ஊர் கூடி எழுதும் இணையம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய படங்களையும் பாட்டுகளையும் சமையல் குறிப்புகளையும் இணையத்தில் ஏற்றுகிறவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் கேட்பதும், கல்யாண வீட்டில் ஆச்சிகள் கேட்பதும், மலேசியாவிலிருந்து வந்துபோகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பங்கேற்பு இணையம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

படிக்கிறவரே எழுதவும், பார்க்கிறவரே படம் பிடித்துப் போடவும் இடம் கொடுக்கிற இணையத்தை. 2001-இல் விக்கிப்பீடியா, 2004-இல் ஃபேஸ்புக், 2005-இல் யூடியூப், 2006-இல் ட்விட்டர், 2009-இல் வாட்ஸ்அப் என்று வரிசையாக வந்தன. நம் ஊர்களில் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கி, டேட்டா விலை சரிந்த பிறகுதான்.

கருவி வருவதற்கு முன்பே பழக்கம் இருந்தது. அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 'பங்கேற்புப் பண்பாடு' பற்றி 1992-லேயே எழுதினார். தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் தாங்களே கதை எழுதித் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டதைத்தான் அவர் கவனித்தார். காரைக்குடியிலும் 1920-லேயே தனவைசிய ஊழியன் என்ற இதழ் தொடங்கி, ஊர்க்காரர்கள் தங்கள் சீர்திருத்தச் சண்டைகளை அச்சில் போட்டுக்கொண்டார்கள். அப்போது அதற்கு அச்சகம் வேண்டும், காகிதம் வேண்டும், முதல் போட ஆள் வேண்டும். இன்று கையில் ஒரு போன் போதும்.

இதனால் நம் ஊருக்கு என்ன கிடைத்தது?

நம்மைப் பற்றி நாமே சொல்லும் வாய்ப்பு. இது சின்ன விஷயம் இல்லை. செட்டிநாடு என்றால் என்ன என்பதை நெடுங்காலமாக வெளியில் இருப்பவர்கள்தான் சொன்னார்கள். நெடுஞ்சாலை ஓட்டல் பலகை சொன்னது, சினிமா ஷூட்டிங் சொன்னது, பெரிய படப் புத்தகங்கள் சொன்னது. கண்ணில் நீர் வரவைக்கும் காரம்தான் செட்டிநாட்டுச் சமையல் என்று நாடு முழுக்க நம்ப வைத்ததும் அந்தப் பலகைகள்தான். நம் வீடுகளில் வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி என்று காரமே இல்லாத பெரிய உலகம் ஒன்று உண்டு. அதை ஆச்சிகளே இப்போது கேமரா முன் நின்று காட்டுகிறார்கள்.

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட குறிப்புகளில் இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் உளுந்து என்று இருக்கும். வீட்டில் அளவு அப்படி இல்லை. பச்சரிசியை டம்ளரில் தலைதட்டி எடுத்துக்கொண்டு, அதே டம்ளரின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. மாவு ஊற்றும்போது கரண்டியை எண்ணெய்க்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோவது, ஓரம் எப்போது விரிந்து எழும்பும் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும். ஓர் ஆச்சி அதை வீடியோவாகப் போட்டால், கீழே இன்னொருவர் தங்கள் ஊரில் கொஞ்சம் பால் சேர்ப்போம் என்கிறார். பினாங்கில் பிறந்த பெண் ஒருத்தி, தன் அப்பத்தா செய்ததும் இப்படித்தான் என்று எழுதுகிறாள். ஒரே பணியாரத்தின் ஊர் ஊரான வேறுபாடுகள் இப்படி ஒரே இடத்தில் வந்து சேர்வது இதற்கு முன் நடந்ததே இல்லை.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைக் காட்ட எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் அனுமதியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வாட்ஸ்அப்பில் வருவதை ஃபார்வர்டு செய்கிறேன். நானும் பங்கேற்கிறேன்தானே?

இல்லை. தபாலை மாற்றி விடுகிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் பார்த்ததை, கேட்டதை, உங்கள் பெயரில் சேர்க்கும்போதுதான் பங்கேற்பு தொடங்குகிறது.

இணையத்தில் பெரும்பாலோர் பார்வையாளர்களாகவே இருக்கிறார்கள் என்பது பழைய கவனிப்பு. ஜேக்கப் நீல்சன் 2006-இல் இதற்கு 90-9-1 என்று ஒரு கணக்குச் சொன்னார்: 90 பேர் பார்ப்பார்கள், 9 பேர் எப்போதாவது சேர்ப்பார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார். துல்லியமான விதி இல்லை, தோராயக் கணக்குதான். ஆனால் எந்தக் குடும்பக் குழுவைத் திறந்து பார்த்தாலும் அந்த ஒருவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

யோசிக்காமல் தள்ளிவிடுவதன் விலையையும் நாம் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோவிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்த ஆண்டு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020-இல், பல முறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றது. கட்டுப்பாடு நல்லதுதான். அதைவிட நல்லது, யார் எடுத்த படம், எந்த ஊர், எப்போது என்று கேட்டுவிட்டு அனுப்புவது. தமிழில் யூடர்ன் போன்ற செய்தி சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் அங்கே தேடிப் பாருங்கள்.

ஜல்லிக்கட்டை மீட்டது ஃபேஸ்புக்தான் என்கிறார்களே?

சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்துக்காரர்கள் இதைப் பெருமையோடு கேட்பார்கள். பெருமைப்படுவது நியாயம்தான். ஆனாலும் நடந்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது 2014 மே 7 அன்று. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் தொடங்கிய எதிர்ப்பு, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாகப் பரவி மெரினாவை நிறைத்தது. ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா. கட்சிக் கொடியோ மேடையோ இல்லாமல், சாப்பாடு, தண்ணீர், குப்பை அள்ளுவது வரை கூட்டமே பார்த்துக்கொண்டது. இவ்வளவு பேரை இவ்வளவு சீக்கிரம் ஓரிடத்தில் சேர்த்தது இணையம்தான்.

அதே 23-ஆம் தேதி காலையில் கூட்டத்தைப் போலீஸ் கலைத்தபோது இன்னொரு பக்கம் தெரிந்தது. சட்டம் வருகிறது, போதும் என்று கூட்டத்தின் சார்பில் சொல்ல யாரும் இல்லை. போதாது என்று சொல்லவும் எல்லாரும் ஏற்ற ஒருவர் இல்லை. இணையத்தால் சேரும் இயக்கங்கள் வேகமாக வளர்கின்றன, ஆனால் முடிவெடுக்கும் தசை அவற்றுக்கு வளர்வதில்லை என்று சமூகவியலாளர் ஜெய்னெப் துஃபெக்சி எகிப்தையும் துருக்கியையும் வைத்துச் சொன்னது மெரினாவுக்கும் பொருந்தும். அப்புறம், சட்டம் நிலைத்தது நீதிமன்றத்தில்: 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நடுவில் ஆறு வருடம் வழக்கு நடத்தியவர்களுக்கு லைக் எதுவும் விழவில்லை.

எனக்கு மெரினாவைவிட நெடுவாசல் முக்கியம். ஒரே மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தக் கிராமம், நிலத்துக்கடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தது. மெரினாவில் பழகிய மாணவர்கள் வந்தார்கள், இணையம் செய்தியை வெளியே கொண்டுபோனது. ஆனால் போராட்டத்துக்கு முதுகெலும்பு அந்த ஊர் விவசாயிகளும் பெண்களும்தான். கேமராக்கள் போன பிறகும் அவர்கள் பந்தலில் இருந்தார்கள். 2020-இல் இத்தகைய புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது, நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் அதில் சேர்ந்தது.

அரசாங்கம் இணையத்தையே நிறுத்திவிட்டால்?

நிறுத்தியிருக்கிறார்கள். 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. போலீஸ்காரர் வேன் மேல் நின்று குறி பார்க்கும் காட்சி அதற்குள் உலகம் முழுக்கப் போய்விட்டது. 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தை முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்றது. போனில் மட்டும் வாழும் இயக்கத்துக்குச் சுவரொட்டியும் துண்டறிக்கையும் இன்னும் வேண்டும்.

அப்படியானால் பத்திரிகை, டிவி இனி எதற்கு?

வேண்டும். ஊர் மக்களின் கண்ணும் பத்திரிகையாளரின் விடாப்பிடியும் சேரும்போதுதான் பெரிய காரியம் நடக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலில் திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த கோவில் படங்களோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சிலைகளைத் தேடிய எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்களும் பத்திரிகையாளர்களும் அதை விடாமல் எழுதினார்கள், போலீஸ் விசாரித்தது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

இதில் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கோவில் உற்சவர் வீதியுலா வரும்போது எடுத்த பழைய படம் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். என்றாவது அதுதான் சாட்சி.

பழைய வீடுகளை ரீல்ஸ் எடுக்கிறார்கள். நல்லதா, கெட்டதா?

இரண்டும். 2014-இல் 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்' என்று செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது. ஆனால் அன்றும் இன்றும் வீடுகள் பிரிக்கப்படுகின்றன. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. வீடு இடிவதற்கு முன் ஒரு கல்லூரிப் பையன் எடுத்த முகப்பும், வளவு என்கிற உள்முற்றமும், பட்டாலை என்கிற கூடமும்தான் சில வீடுகளுக்கு மிச்சம்.

என் வருத்தம் வேறு. முப்பது விநாடி ரீலில் ஊர்ப்பெயர் இருக்காது, எல்லா வீடும் 'அரண்மனை' ஆகிவிடும். ஊரும் ஆண்டும் இல்லாத படம் நாளைக்கு யாருக்கும் பயன்படாது. தயவுசெய்து ஊர்ப்பெயரை எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால் மட்டும் தெருவையும் அடையாளத்தையும் சொல்லாதீர்கள். ஆளில்லாத வீடு எது, உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்கு நாமே வழி காட்டக் கூடாது. வெளியே நின்று கட்டடத்தைப் படம் எடுக்கக் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. உள்ளே போக வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். பங்காளிகள் பத்துப் பேர் இருக்கும் வீட்டில் காவல்காரர் சரி என்றது சம்மதம் ஆகாது.

செட்டிநாடு என்றாலே நகரத்தார் கதைதானே வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. வீட்டைக் கட்டிய கொத்தனாரும் மரம் செதுக்கிய ஆசாரியும், வயலில் நின்றவர்களும், அடுப்படியில் நின்று சமைத்தவர்களும் செட்டிநாடுதான். படத்துக்குக் கீழே வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, இவர்கள் பெயர் இல்லை.

ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு தரைக் கல் எப்படி வருகிறது என்று பாருங்கள். கண்ணாடித் தட்டை அடியில் வைத்து, அதன் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை ஒரே சீராகத் தூக்க வேண்டும், கை நடுங்கினால் பூவிதழ் கலங்கிவிடும். மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் பூசி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. இந்தக் கையை எத்தனையோ பேர் படம் எடுக்கிறார்கள். கைக்கு உரியவர் பேசுவதை யாரும் எடுப்பதில்லை. அவர் தன் போனில் தானே எடுத்துப் போடும் நாள்தான் எனக்குப் பங்கேற்பு. கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்களுக்கும் பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்களுக்கும் இதே பேச்சு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். வாங்குகிறவரைத் தறிக்காரரிடம் நேராகக் கொண்டுவந்து விட, அவர் கையில் இருக்கும் போன் வேண்டும்.

அப்பத்தா சொன்னதை எழுதினால் விக்கிப்பீடியாவில் நீக்கிவிடுகிறார்கள். ஏன்?

கோபம் வருவது இயல்பு. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள் எழுதியது. அங்கே ஒரு தகவல் நிற்க வேண்டுமானால் அது ஏற்கெனவே எங்காவது வெளியாகியிருக்க வேண்டும், படிக்கிறவர் போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் அவரவர் குலப்பெருமையை அவரவர் ஏற்றிவிடுவார்கள். விதி சரிதான். ஆனால் எழுத்தில் வராத அறிவுக்கு அது கதவைச் சாத்துகிறது. ஆச்சிகளின் தாலாட்டும் ஒப்பாரியும் சீர் வரிசை முறைகளும் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன?

வழி இருக்கிறது. கட்டுரையாக எழுதாமல், முதலில் பதிவாகச் சேருங்கள். அப்பத்தா பாடுவதை ஒலிப்பதிவு செய்து, அவர் சம்மதத்தோடு, ஊர், ஆண்டு, பாடியவர் பெயரோடு, விக்கிப்பீடியாவுக்கான படங்களும் ஒலிகளும் சேரும் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ஊர்ச் சங்க மலரிலோ உள்ளூர் இதழிலோ அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள். அச்சில் வந்தபின் மேற்கோள் காட்ட ஓர் ஆதாரம் இருக்கிறது. சுற்றுவழிதான். ஆனால் இந்த வழியில் சேர்த்தது நிற்கும்.

வீட்டில் பெட்டி நிறையப் பழைய படங்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் போதாதா?

போடுங்கள், உறவுக்காரர்கள் பார்த்து ஆளை அடையாளம் சொல்வார்கள். அந்த வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பாதுகாக்கும் இடம் அது அல்ல. படம் சிறிதாக்கப்படும், மூன்று நாளில் கீழே போய்விடும், கணக்கு முடங்கினால் எல்லாம் போச்சு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, நம் கிராமங்களில் எத்தனையோ பேர் எடுத்துச் சேர்த்தது ஒரே இரவில் பார்க்க முடியாமல் போனது.

நமக்குக் கோட்டையூரே முன்னோடி. அங்கே ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கிப்போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகத் தந்த முயற்சி. முகநூல் வருவதற்கு முன்பே நம்மவர்கள் செய்த பங்கேற்பு இது.

செய்ய வேண்டியது: படத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, 'ரங்கூன்' என்ற ஒற்றைச் சொல், எல்லாம் அங்கேதான் இருக்கும். 1950-களின் நடுவரை எடுத்த படங்களுக்கு இந்தியாவில் பெரும்பாலும் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கும், பொதுவகத்தின் விதிகளைப் பார்த்துவிட்டு ஏற்றலாம். 1919-இல் பாரதி காரைக்குடிக்கு வந்தபோது எடுத்த படம் இன்று பள்ளிச் சுவர்வரை போயிருக்கிறது. யாரோ ஒருவர் எடுத்து, யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் வந்தது அது.

யூடியூபில் பணம் வருமா?

வரலாம், அதை நம்பி வேலையை விடாதீர்கள். 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானம் தொடங்கும். நீள வீடியோக்களில் அதில் 55 சதவீதம் உங்களுக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. எந்த வீடியோ யார் கண்ணில் படும் என்பதை முடிவு செய்வதும் நிறுவனம்தான்.

பெண்பிள்ளைகள் எழுதினால் வசை வருகிறது. என்ன செய்வது?

'கண்டுகொள்ளாதே' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால்தான் பல பெண்கள் எழுதுவதையே நிறுத்துகிறார்கள். தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தளத்தில் புகார் செய்யுங்கள். மிரட்டலோ ஆபாசப் படமோ என்றால் போலீசிடம் போகலாம். சைபர் குற்ற உதவி எண் 1930. முக்கியமாக, குழுவில் இருக்கும் மற்றவர்கள் அங்கேயே எழுந்து கேட்க வேண்டும். அண்ணன், சித்தப்பா என்று உறவு சொல்லிக்கொள்கிற குழுக்களில் எல்லாரும் வாய் மூடி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குத் தமிழில் தட்டச்சு வராது.

பேசுங்கள், போன் எழுதித் தரும். தொடர்ந்து எழுதப் போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொள்ளுங்கள், கை சீக்கிரம் பழகிவிடும்.

எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். முதலில் எதை எடுக்கலாம்?

ஊருணியை. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை ஊருணி, எது யார் பெயரில் வெட்டியது, வரத்துக்கால் எந்த வழியாக வருகிறது, இன்று எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பாருங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கால்வாய் ஓடிய இடம் அவருக்குத்தான் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊருணியையும் வரத்துக்காலையும் வரைந்து பெயர் எழுதுங்கள். அது யாரும் திருத்தக்கூடிய, எல்லாருக்கும் சொந்தமான இணைய வரைபடம். மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால் எடுத்த எடுப்பில் ஃபேஸ்புக்கில் ஆளைப் பெயர் சொல்லித் திட்டாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்படி அந்த நீர்நிலையின் பரப்பையும் எல்லையையும் கேட்டு வாங்குங்கள். அதையும் உங்கள் படங்களையும் சேர்த்துக் கிராம சபையில் வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஊருணிப் பேச்சை அன்று எடுப்பது எளிது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊர்க் குழுவில் போடுங்கள்.